மோட்டார் கொட்டகை வெல்லம்

ஜீவாமிர்தத்துக்கு வாங்கி வைத்த வெல்லம்தான் என் உயிரைக் காப்பாற்றியது. ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண், 200 லிட்டர் தண்ணி என்று நம்ம ஆட்கள் எல்லோருக்கும் மனப்பாடம்தானே. அதில் அந்த 2 கிலோ வெல்லத்தை மோட்டார் கொட்டகையில் ஒரு டப்பாவில் போட்டு, எறும்பு ஏறாமல் கம்பியில் தொங்கவிட்டிருந்தேன். மண்ணில் இருக்கிற நுண்ணுயிருக்கு வைத்ததை நான் குடிக்க வேண்டிய நிலைமை வந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் தை மாசக் கடைசியில் நடந்தது இது.

எனக்கு 58 வயசு. மேலூர் பக்கம், பெரியார் கால்வாயின் ஒருபோகப் பாசனத்தில் கடைசி மடைக்குப் பக்கத்தில் நிலம். ஒன்றரை ஏக்கர் மாப்பிள்ளை சம்பா, அரை ஏக்கர் மல்லிகை, மிச்சம் கடலையும் உளுந்தும். சர்க்கரை நோய் இருப்பது 2009-இல் தெரிந்தது. எட்டு வருசம் மாத்திரையிலேயே ஓட்டி, 2017-இல் இன்சுலின் ஊசிக்கு வந்தேன். காலையிலும் ராத்திரியிலும் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற கலப்பு இன்சுலின். நான் இயற்கை விவசாயத்துக்கு மாறியது 2012-இல்.

அன்றைக்குப் பகல் முழுக்கக் கதிர் அறுத்தோம். மாப்பிள்ளை சம்பா ஆள் உயரம் வளரும். மழைக்குச் சாய்ந்து கிடந்ததால் அறுவடை மெஷின் இறங்க முடியவில்லை. ஆள் பற்றாக்குறை, நானும் கட்டுத் தூக்கினேன். களத்துக்கும் வயலுக்கும் எத்தனை நடை நடந்தேன் என்று கணக்கில்லை. சாயங்காலம் வந்து குளித்து, ஏழு மணிக்கு வழக்கமான அளவு ஊசி போட்டேன். அப்புறம் ஒரு கிண்ணம் சாமைக் கஞ்சி, முருங்கைக்கீரை. அவ்வளவுதான் ராத்திரிச் சாப்பாடு. அதற்கு மூணு வாரம் முன்னாடிதான் ராத்திரிச் சோற்றை நிறுத்தி இந்த முறைக்கு மாறியிருந்தேன். அது பெரிய பெருமையாகவும் இருந்தது.

மும்முனை மின்சாரம் ராத்திரி 11 மணிக்கு வந்தது. மல்லிகைக்குக் கவாத்து பண்ணித் தொழுஉரம் வைத்திருந்தேன், தண்ணி காட்டியே ஆகணும். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ஒரு மணி வரைக்கும் நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் துண்டு துண்டாகத்தான். எந்தப் பாத்திக்கு மடை திருப்பினேன், எதை அடைத்தேன் என்று தெரியவில்லை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, தை மாசப் பனியில். தண்ணி தெறித்ததாக நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவிக்கு முழிப்புத் தட்டியிருக்கிறது. போன் அடித்திருக்கிறாள், நான் எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்த தம்பியையும் கூப்பிட்டுக்கொண்டு டார்ச்சோடு வந்திருக்கிறாள். நான் கிணற்று மேட்டில், சுவர் இல்லாத பக்கமாக உட்கார்ந்து, மண்வெட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேனாம். நாற்பது அடிக் கிணறு. "என்னங்க, எந்திரிங்க"ன்னு கையைப் பிடித்ததற்கு அசிங்கமாகத் திட்டியிருக்கிறேன். முப்பது வருசத்தில் அவளை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கூட வந்த தம்பி, "சித்தப்பு லேசா போட்டுருக்காரு போல சித்தி"ன்னு சொல்லியிருக்கிறான். நான் குடிக்கிறவன் இல்லை. ஆனால் தள்ளாட்டம், உளறல், கோபம் எல்லாம் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோணும்.

அவளுக்குத் தோணவில்லை. வாய் மோந்து பார்த்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று வேர்வை. "இது சுகர் இறங்கிருச்சுடா"ன்னு சொல்லி இரண்டு பேருமாக என்னைக் கிணற்றை விட்டு அங்குட்டு இழுத்துப் போட்டார்கள். டப்பாவில் இருந்த வெல்லத்தைக் கல்லில் தட்டி, சொம்புத் தண்ணியில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்தாள். நான் முழுங்கினேன். முழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது, அதுதான் என் அதிர்ஷ்டம். பத்துப் பதினைந்து நிமிசத்தில் நட்சத்திரம் தெரிந்தது. எந்தப் பாத்தியில் உடைப்பு என்று கேட்டேனாம். வீட்டுக்கு வந்து மீட்டரில் பார்த்தபோது 78. அதற்குள் ஒரு சொம்பு வெல்லத்தண்ணி உள்ளே போயிருந்தது. அதற்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதை ஏன் நம்ம பத்திரிகையில் எழுதுகிறேன் என்றால், நான் செய்த தப்பு நம்ம ஆட்கள் பலரும் செய்யக்கூடிய தப்பு. நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்கிற தப்பு.

கண்மாயும் மடையும்

மறுநாள் மருத்துவரிடம் போனேன். அவர் சொன்னதையும், பிறகு நானாகப் படித்ததையும் நமக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன்.

நாம் சாப்பிடுகிற மாவுச்சத்து எல்லாம் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் ஓடுகிறது. அதில் ஒரு பங்கைக் கல்லீரல் பிடித்துச் சேமித்து வைக்கிறது. மழைக்காலத்தில் கண்மாய் நிரம்புவது மாதிரி. ராத்திரி நாம் தூங்கும்போது சாப்பாட்டு வரத்து கிடையாது. அப்போது கல்லீரல் மடையைக் கொஞ்சமாகத் திறந்து சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸை விடும். மூளைக்கு ராவும் பகலும் அது வேண்டும். நோய் இல்லாத உடம்பில் சர்க்கரை இறங்க ஆரம்பித்தால் கணையம் இன்சுலினைத் தானே குறைத்துவிடும், மடையை இன்னும் திறக்கச் சொல்லி வேறொரு சுரப்பை அனுப்பும். நீர்க்கட்டி ராத்திரி முழுக்க முழித்திருக்கிற ஊர் மாதிரி.

ஊசி போடுகிறவன் உடம்பில் அந்த நீர்க்கட்டி இல்லை. சாயங்காலம் உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. அது பாட்டுக்கு வேலை செய்யும், மடையை அடைத்தே வைத்திருக்கும். நான் போடுகிற கலப்பு ஊசியில் நூற்றுக்கு 30 பங்கு சீக்கிரம் வேலை செய்கிறது, 70 பங்கு மெதுவாக வேலை செய்கிறது. அந்த மெதுவான பங்கு போட்டு நாலு மணி நேரத்துக்கு மேல்தான் உச்சத்துக்கு வரும். ஏழு மணிக்குப் போட்டால் நடுச்சாமம். நான் தனியாக மல்லிகைக் காட்டில் நின்ற நேரம்.

கூடவே பகல் வேலை. கட்டுத் தூக்கின அன்றைக்குத் தசையில் இருக்கிற சேமிப்பெல்லாம் காலியாகியிருக்கும். வேலை முடிந்த பிறகும் மணிக்கணக்காக, சில சமயம் மறுநாள் வரைக்கும், தசை ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துத் தன் குதிரை நிரப்பிக்கொண்டே இருக்குமாம். அறுப்பு நாளில், நடவு நாளில், கிணறு தூர் வாரின நாளில் பகலைவிட ராத்திரிதான் ஆபத்து. இது எனக்குத் தெரியவே தெரியாது. வேலை செய்யும்போது ஒன்றும் ஆகவில்லை என்றால் தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூணாவது, என் சாமைக் கஞ்சி. சாமையைக் குறை சொல்லவில்லை. அளவு குறைந்தது, கீரை சேர்ந்தது, சர்க்கரை ஏறுவது குறைந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஊசி அளவு, மூணு வேளை வெள்ளைச்சோறு சாப்பிட்ட காலத்தில் ஒரு மருத்துவர் முடிவு செய்த அளவு. சாப்பாட்டை மாற்றினவன் அதை மருத்துவரிடம் போய்ச் சொல்லவில்லை. நிலத்தில் மட்கு ஏறின பிறகும் பழைய கணக்குப்படித் தண்ணி கட்டினால் வேர் அழுகத்தானே செய்யும்?

சொல்லாததற்குக் காரணமும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். மருத்துவர் திட்டுவார் என்று ஒரு பயம். அவருக்குச் சிறுதானியம் பற்றி என்ன தெரியும் என்று ஒரு திமிர். அந்த மாசம் மூணு மாதச் சராசரி பார்க்கிற ரத்தப் பரிசோதனையில் 6.3 வந்திருந்தது. எங்கள் வட்டாரக் கூட்டத்தில் அந்தத் தாளை எடுத்துக் காட்டிப் பேசினேன், கை தட்டினார்கள். சராசரி என்பது சராசரிதான். பகலில் ஏறியும் ராத்திரியில் இறங்கியும் கிடந்தாலும் சராசரி அழகாகத்தான் வரும். தாளைப் பார்த்ததும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி வேர்க்குதா?"

வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வாரமாகவே விடிகாலையில் பனியன் நனைந்திருந்தது. கெட்ட கனவு வந்தது. காலையில் தலை கனத்துக் கிடந்தது, எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. தூக்கத்தில் உளறுவதாக என் மனைவி சொன்னாள். "வயசாகுதுல்ல"ன்னு சிரித்துவிட்டேன். ராத்திரியில் சர்க்கரை இறங்குவதற்கு அடையாளமே இவைதான். பகலில் இறங்கினால் கை நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, கிறுகிறுப்பு என்று நமக்கே தெரியும். தூக்கத்தில் யார் கவனிக்கிறது?

இன்னொரு விஷயம். அடிக்கடி இறங்கினால் உடம்பு எச்சரிக்கை கொடுப்பதையே நிறுத்திவிடும். மாடு மேய்கிறதென்று தினமும் குரைத்து ஓய்ந்த நாய் மாதிரி. அப்போது 50-க்கு வந்தாலும் ஒன்றும் தெரியாது, நேரே நினைவு தப்பும். சில வாரம் இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் திரும்ப வரும் என்றார் மருத்துவர். எனக்கு வந்தது. ரத்தக்கொதிப்புக்குச் சாப்பிடுகிற சில மாத்திரைகளும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். அப்போது வேர்வை ஒன்றுதான் மிச்சம் இருக்கிற சாட்சி.

ஊசி போடாதவர்களுக்கும்

"நமக்கு மாத்திரைதானே"ன்னு சும்மா இருக்க வேண்டாம். கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலின் சுரக்கவைக்கிற மாத்திரைகள் இருக்கின்றன. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாதிரி. அவற்றாலும் இறங்கும். அதுவும் கிளிபென்கிளமைடு நெடுநேரம் உடம்பில் நிற்கும். வயசானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இன்னும் நீளும். சர்க்கரை கொடுத்து எழுப்பிவிட்டாலும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம், அதனால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது நல்லது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் ரொம்பக் குறைவு. உங்கள் மாத்திரை எந்த வகை என்று அடுத்த தடவை கேட்டு, அட்டையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "வெள்ளை மாத்திரை, பாதி மாத்திரை"ன்னு சொல்வது அவசரத்துக்கு உதவாது.

வோக்லிபோஸ், அகார்போஸ் என்று சாப்பாட்டோடு போடுகிற மாத்திரை ஒன்று உண்டு. அது சர்க்கரையை உடைக்கவிடாமல் குடலில் தடுக்கிற மாத்திரை. இன்சுலினோடு இதையும் சாப்பிடுகிறவருக்குச் சுகர் இறங்கினால் சீனியும் வெல்லமும் கருப்பட்டியும் சட்டென்று வேலை செய்யாது. மருந்துக்கடையில் விற்கிற குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். நான் வெல்லத்தில் பிழைத்தது எனக்கு அந்த மாத்திரை இல்லாததால்.

சிரிஞ்சு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம்ம நாட்டில் குப்பியில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் வருவது மில்லிக்கு 100 யூனிட். பேனா கெட்டுப்போச்சென்று அதிலிருக்கிற மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். எங்கள் ஊரிலேயே ஒருவர் அப்படிப் போட்டு, பிழைத்தது பெரிய காரியம். கலங்கலாக இருக்கிற இன்சுலினை உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கலக்காமல் போட்டாலும் ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்றுதான் போகும். தொடையில் போட்டுவிட்டு உடனே வரப்பில் நடந்தால் மருந்து வேகமாக இறங்கும். வேலை நாளில் நான் வயிற்றில் போட்டுக்கொள்கிறேன், அதுவும் ஒரே இடத்தில் இல்லாமல் மாற்றி மாற்றி.

"இயற்கை" என்ற பேரில்

இந்தச் சம்பவத்தை அடுத்த மாதக் கூட்டத்தில் சொன்னேன். கை தட்டு வாங்கின அதே இடத்தில் சொல்வதுதானே நியாயம். ஒரு பெரியவர் எழுந்து, "அதுக்குத்தாம்ப்பா சொல்றேன், ஊசியைத் தூக்கிப் போட்டுட்டு நம்ம சாப்பாட்டுக்கு முழுசா வந்துரு"ன்னார். பாசத்தில் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்சுலின் வருவதற்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகளுக்குச் சாப்பாட்டைச் சுருக்கிச் சுருக்கிக் கொஞ்ச நாள் உயிரை இழுத்துப் பிடித்தார்கள், அவ்வளவுதான் முடிந்தது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அதோடு அந்தக் கதை மாறியது. கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். விதைக்குக் காப்புரிமை கூடாது என்று கோஷம் போடுகிற நாம் ஊசியைக் கம்பெனிச் சரக்கென்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. இன்றைக்கு அதை யார் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பது வேறு சண்டை. அதையும் போடுவோம்.

சாப்பாட்டை மாற்றி, எடை குறைத்து, மருந்து குறைந்தவர்கள் இருக்கிறார்கள். மறுக்கவில்லை. எனக்கும் குறைந்தது. ஆனால் குறைத்தது மருத்துவர், மீட்டரைப் பார்த்து. தானாக நிறுத்தின ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு ஏறி, மூச்சு வாங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்துதான் திரும்பினார். பேர் வேண்டாம்.

சூரணப் பொடிகள் பற்றியும் ஒரு வார்த்தை. லேபிள் இல்லாமல், என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாமல், "மூணே நாளில் சுகர் குறையும்" என்று சந்தையில் விற்கிறார்களே, அவை. 2008-இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத ஏராளமான ஆட்கள் திடீர் திடீரென்று சுகர் இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சிலர் செத்தும் போனார்கள். தேடிப் பார்த்தால், அவர்கள் வாங்கித் தின்ற வீரிய மருந்துகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. பொடிக்கு அவ்வளவு சக்தி எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்க வேண்டும். உரக்கடைக்காரனிடம் கேட்கிற அதே கேள்வியை.

பூச்சிமருந்து பக்கமும் இதில் ஒரு சேதி உண்டு, அதுவும் நம்ம மதுரையில். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். பூச்சிமருந்தோடு புழங்குகிறவர்களிடம் சர்க்கரை நோய் கூடுதலாக இருந்தது. எலிகளுக்கு மோனோகுரோட்டபாஸ் கொடுத்துப் பார்த்ததில், குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து, அதிலிருந்து கல்லீரல் குளுக்கோஸ் செய்வது தெரிந்தது. 2017-இல் இந்த ஆய்வு வெளியானது. நான் 2012 வரைக்கும் கத்தரிக்கும் பருத்திக்கும் வெறும் கையால் அந்த மருந்தைக் கலக்கி அடித்தவன். எனக்கு நோய் வந்தது அதனால்தான் என்று சொல்லமாட்டேன். என் அப்பாவுக்கும் சர்க்கரை இருந்தது. ஆனால் மனசில் ஒரு முள் மாதிரி அது இருக்கிறது.

இப்போது என்ன செய்கிறேன்

ஊசி அளவை மருத்துவர் குறைத்தார். எவ்வளவு என்று எழுதப் போவதில்லை, அது என் உடம்புக்கு, என் சாப்பாட்டுக்கு. அறுப்பு, நடவு மாதிரிக் கடும் வேலை நாளுக்கு ஒரு அளவு, சும்மா இருக்கிற நாளுக்கு ஒரு அளவு என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கு நான் அவருக்குக் கொடுத்தது ஒரு நோட்டு. இரண்டு வாரம், என்ன வேலை, என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு ஊசி, மீட்டரில் எவ்வளவு என்று குறித்த நோட்டு. நாற்று விட்ட தேதி எழுதுகிற பழக்கம்தான். நீங்கள் உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோக இதைவிட நல்ல பொருள் இல்லை. "என்ன சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டால் "எல்லாம் நம்ம இயற்கைச் சாப்பாடுதான்"ன்னு சொல்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். சாமை எத்தனை கிராம், சோறு எத்தனை கரண்டி என்று சொல்கிறேன்.

படுக்கும் முன்னால் விரலைக் குத்திப் பார்ப்பேன். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுத்தான் படுக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும், இல்லையென்றால் ஒரு இட்லி. கடும் வேலை செய்த நாளிலும், ஊசி அளவை மாற்றின வாரத்திலும் ராத்திரி இரண்டு, மூணு மணிக்கு ஒரு தடவை அலாரம் வைத்துப் பார்க்கிறேன். ஒரு ஸ்ட்ரிப் விலைக்கு ஒரு டீயும் வடையும் வாங்கலாம். தினமும் கட்டாது, ஆனால் அந்த நாட்களில் கணக்குப் பார்ப்பதில்லை. கையில் ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் தானே அளக்கிற சென்சார் வந்துவிட்டது. விலை நமக்கு ஆகாது.

70-க்குக் கீழே இறங்கினால், தெம்பாகத்தான் இருக்கிறேன் என்று தோணினாலும், மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணியில் கலந்து குடிக்கணும். அது சுமார் 15 கிராம். பதினைந்து நிமிசம் பொறுத்துத் திரும்பப் பார்க்கணும். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறின பிறகு இட்லியோ சோறோ ஏதாவது சாப்பிடணும், இல்லையென்றால் திரும்ப இறங்கும். பயத்தில் பானையையே காலி பண்ணினால் விடிய 300 காட்டும். எனக்கு அதுவும் நடந்தது. கையில் மீட்டர் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், சந்தேகம் வந்ததும் குடித்துவிடணும். கொஞ்சம் ஏறினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. சாக்லெட், பிஸ்கட்டுக்கு ஓட வேண்டாம், அதில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும்.

நினைவு தப்பிவிட்டால் இதெல்லாம் செல்லாது. வாயில் ஒரு சொட்டுக்கூட ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். ரத்தக்குழாயில் குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலும் நிமிசத்தில் முழித்துக்கொள்வார்கள். இதை என்னைவிட என் மனைவிக்கும், மகனுக்கும், பக்கத்துத் தோட்டத் தம்பிக்கும் தெரிவதுதான் முக்கியம். இறங்கினவனுக்குத் தனக்கு இறங்கியிருப்பது தெரியாது. "எனக்கு ஒண்ணுமில்ல, போ"ன்னு கத்துவான். அந்தக் கோபத்தைக் கண்டு விலகிப் போய்விடக்கூடாது.

குடிக்கிறவர்களுக்கு ஒன்று. சாராயத்தைக் கழிக்கிற வேலையில் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்வதை நிறுத்திவிடும். அறுப்பு முடிந்து கூலியோடு வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, ஊசியும் போட்டுப் படுக்கிறவர் விடியும்போது எழாமல் போகலாம். போதையென்று விட்டுவிடுவார்கள்.

எங்கள் பக்கம் இன்னொரு நேரமும் ஆபத்தானது, மல்லிகை நேரம். மொட்டு விரியும் முன்னால் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பணும். அதனால் சீசனில் மூணு, நாலு மணிக்கெல்லாம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் காட்டில் இறங்கிவிடுவார்கள். வெறும் டீயோடு, சிலர் அதுவும் இல்லாமல். ராத்திரி மாத்திரையின் வேகம் அப்போதும் இருக்கும். எங்கள் காட்டுக்குப் பறிக்க வருகிற இரண்டு பேருக்குச் சர்க்கரை இருப்பது இத்தனை வருசம் எனக்குத் தெரியாது, சொன்னால் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்திருக்கிறார்கள். இப்போது பறிப்புக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு டம்ளர் கேப்பைக் கூழ் கொடுக்கிறோம். யாருக்கு நோய் என்று கேட்பதில்லை. சித்திரையில் அழகரோடு ராத்திரி முழுக்க நடக்கிறவர்கள், தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஊசியைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. சித்திரைத் திருவிழாவில் பந்தலுக்குப் பந்தல் பானகம் இருக்கிறது. மற்ற நாளில் கிடையாது.

இன்சுலின் வைக்க எங்களிடம் பிரிட்ஜ் இருக்கிறது. ஆனால் மின்சாரத்தை நம்பி இல்லை. பிரிக்காத குப்பி பிரிட்ஜின் கதவுப் பக்கம், உறைபெட்டியில் வைக்கவே கூடாது. புழக்கத்தில் இருக்கிற குப்பி மண்பானையில். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னக் கலயம், அதில் குப்பி. சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். பிரித்த குப்பியை நாலு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற சகோதரி இந்தப் பானையைப் பார்த்துவிட்டு, வேறு இரண்டு வீட்டில் சொல்லி வைக்கச் செய்திருக்கிறார்.

கிணற்றுக்குச் சுவர் எடுத்துவிட்டேன். மூணு பக்கம்தான் முடிந்திருக்கிறது, நாலாவது பக்கம் உளுந்து விற்ற பிறகு. அதுவரைக்கும் அந்தப் பக்கம் கிளுவை முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறது. ராத்திரித் தண்ணி பாய்ச்சப் போனால் மணிக்கு ஒரு தடவை என் மனைவி போன் அடிப்பாள். நான் அன்றைக்கு எந்தப் பாத்தியில் நிற்கிறேன் என்று சரியாகச் சொல்லணும். தப்பாகச் சொன்னால் டார்ச்சோடு கிளம்பிவிடுவாள். போன வாரம் வேடிக்கைக்கு மாற்றிச் சொன்னேன், அவள் பாதி வழி வந்தபிறகு விஷயம் தெரிந்து நான் வாங்கின வசவை இங்கே எழுத முடியாது.

இன்றைக்கும் ராத்திரி முறைதான். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது, காகிதத்தில் மடித்து, ஈரம் படாமல் பாலித்தீனில் சுற்றி. கொட்டகையில் டப்பா தொங்குகிறது. ஜீவாமிர்தத்துக்கு இப்போதெல்லாம் 3 கிலோவாக வாங்குகிறேன், ஒரு கிலோவைத் தொடுவதில்லை. ஏழு மணிக்கு ஊசி போட்டாயிற்று, இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டாயிற்று. பதினொரு மணிக்குக் கரண்ட் வரும்.